குலுக்கல்காரி வெர்னா

வெர்னா பாஸ்கோவின் குரல் ஆஸ்திரேலியா முழுக்கத் தெரிந்த குரல். முகத்தைத் தெரிந்தவர்கள் என்றால், அடிலெய்டுக்கு வடக்கே தொழிலாளர்கள் குடியிருக்கிற எலிசபெத் புறநகரில், பெல்லார்ட் சாலை கிளப்புக்கு வெள்ளிக்கிழமை பீர் குடிக்க வருகிறவர்கள் மட்டும்தான். அவர்களிலும் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் கையில் இருக்கிற சீட்டைத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளிதோறும் அங்கே கறிக் குலுக்கல், சீட்டு விழுந்தவருக்குக் கறித் தட்டு பரிசு. ஆட்டு விலாத் துண்டுகள், சாசேஜ், ஒரு முழுக் கோழி எல்லாம் பிளாஸ்டிக் போர்த்திய தட்டில் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். சீட்டு வாங்கியவர்கள் கோப்பையும் கையுமாகக் காத்திருப்பார்கள். வெர்னா சீட்டை எடுத்து எண்ணை மூன்று தடவை அழைப்பாள். மூன்றாவது அழைப்புக்குள் கையைத் தூக்காவிட்டால் அந்தச் சீட்டு செத்தது, அடுத்த சீட்டு. கழிப்பறையில் இருந்தேன், வெளியே புகைக்கப் போனேன் என்கிற கதையெல்லாம் அவளிடம் எடுபடாது.

"நீலம், சி வரிசை, நாப்பத்தேழு. ரெண்டாவது தடவ கூப்பிடறேன். காது கேக்கலையா, இல்ல கறி வேணாமா?"

தொண்ணூற்றேழில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் இப்படிக் கத்தியபோது, மூலை மேசைக்கு அடியில் ஒரு டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. வைத்தவன் ஜேரட் வில்க்ஷ். கிளப்பில் பீர் ஊற்றுகிற கிளெனிஸின் மகன், பதினேழு வயது, எலும்பும் தொப்பியுமாக இருப்பான். இரண்டு வருடம் கழித்து அவனும் இரண்டு கூட்டாளிகளும் 'வெட் சிமெண்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு ஹிப்ஹாப் இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். பெயர் 'மூன்றாம் அழைப்பு'. போட்டதும் கேட்கிற முதல் சத்தம் கோப்பைகள் முட்டிக்கொள்வது. இரண்டாவது சத்தம் வெர்னா.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடைத்தெரு சிக்னலில் காரோடு காத்திருந்தபோது பக்கத்தில் தாழ்ந்து உறுமிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. அதன் ஜன்னல் வழியாக அவளே கத்தினாள்: காது கேக்கலையா, இல்ல கறி வேணாமா? வெர்னா தன் காரை நடுரோட்டில் அப்படியே விட்டு இறங்கிப் போய் அந்த ஜன்னலைத் தட்டினாள்.

"யார்றா அது உள்ள?"

உள்ளே இருந்த இரண்டு பயல்களும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் இசைத்தட்டின் உறையை எடுத்து நீட்டிக் கையெழுத்து கேட்டான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அந்த உறையில்தான் ஜேரட்டின் பெயரை அவள் பார்த்தாள்.

நேரே வில்க்ஷ் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஜேரட், அடி விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா, கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? திருட்டுத்தனமா எடுத்திருக்க?"

"கேட்டிருந்தா நீங்க நல்லாப் பேசியிருப்பீங்க, மிசஸ் பி."

"நல்லாப் பேசினா என்ன தப்பு?"

"இங்க ராப் பண்ற பசங்க எல்லாம் நியூயார்க்ல பொறந்த மாதிரி பேசறானுங்க. நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். உங்களத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அப்புறம் என்னால அப்படிப் பேச முடியல. வெக்கமாப் போச்சு."

 அதற்குப் பதில் சொல்வதென்றால் வெர்னா தன்னுடைய பத்தொன்பதாவது வயதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது நகரத்தின் பெரிய கடை ஒன்றில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இன்ன மாடியில் இன்ன துணி தள்ளுபடி, பச்சைச் சட்டைக் குழந்தையின் அம்மா வரவேற்புக்கு வரவும் என்று சொல்கிற வேலை. வெர்னாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கணீர் என்ற குரல். இஸ்திரி போட்ட பாவாடையோடு போய் ஒரு பத்தி வாசித்தாள். மேலாளர் இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கினார். "குரல் நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஆனா வாயத் தொறந்ததும் நீ வடக்குன்னு தெரிஞ்சுடுதே. இங்க வாங்க வர்றவங்க வேற மாதிரி" என்றார். பல்லுக்கு நடுவே கார்க் வைத்துப் பழகினால் மூக்கில் பேசுவது போகும் என்று யோசனையும் சொன்னார். அவள் கார்க்கெல்லாம் வாங்கவில்லை. கார் தொழிற்சாலையில் இருக்கை தைக்கிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும். அவள் குரலைக் குறை சொல்ல அங்கே ஆளில்லை.

ஜேரட்டின் அறையில் உட்கார்ந்து வெர்னா இசைத்தட்டு முழுவதையும் கேட்டாள். முதல் மூன்று பாட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை. நாலாவது பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரும்பப் போடு."

அவன் போட்டான். அந்தப் பாட்டு ஒரு தொப்பியைப் பற்றியது.

தொண்ணூற்றொன்றில், கார் விற்பனை படுத்துப்போன வருடம், தையல் பகுதியில் பத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரை அனுப்புவது என்று சண்டை வரக்கூடாது, நியாயமாகக் குலுக்கிப் போட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி. கேன்டீனில் எல்லாரையும் நிற்க வைத்து, தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பெயர்ச் சீட்டுகளை அதில் போட்டார். கையை விட்டு விட்டு எடுத்தார். முன்வரிசையில் நின்ற வெர்னா ஒன்றைக் கவனித்தாள். வெளியே வந்த சீட்டுகள் எல்லாம் நாலாக மடித்தவை. உள்ளே கிடந்தவை இரண்டாக மடித்தவை, விரல் பட்டாலே எது எதென்று தெரியும். கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கெல்லாம் கணக்குக் கேட்கிறாயா என்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டிய கிளெனிஸ் வில்க்ஷின் பெயர் மூன்றாவதாக வந்தது.

"தொப்பியக் கவுத்துக் காட்டுங்க" என்றாள் வெர்னா.

"எல்லாம் முடிஞ்சுது, வேலையப் பாரு."

"கவுத்துக் காட்டுங்கன்னேன்."

மேஸ்திரி தொப்பியை, மீதிச் சீட்டுகளோடு அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு சீட்டு நழுவி அவர் தோளில் ஒட்டிக்கொண்டு கூடவே போனது. அது யாருடைய பெயர் என்று அந்தப் பகுதியில் பல வருடம் பேசிக்கொண்டார்கள். வெர்னாவுக்கு வேலை தங்கியது. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

மறு வருடம் கிளப்பில் குலுக்கல் நடத்துகிறவர் ஊரை விட்டுப் போனார். வெர்னா தானாகவே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். முதல் காரியமாகப் பழைய தகர டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொழிற்சாலை வெல்டர் ஒருவரிடம் கோழிக்கூண்டுக் கம்பிவலையில் பீர்ப் பீப்பாய் அளவுக்கு ஓர் உருளை செய்யச் சொன்னாள். பக்கத்தில் கைப்பிடி வைத்து, சுற்றினால் சீட்டுகள் புரள்வது அறைக்குக் கடைசியில் நிற்கிறவருக்கும் தெரிகிற மாதிரி. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டுதான் உள்ளே கையை விடுவாள். அவள் வீட்டு ஆட்கள் யாரும் சீட்டு வாங்கக்கூடாது. அவள் கணவர் மெர்வ் சாகிற வரைக்கும், ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் ஓசிக் கறியோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பீர் மட்டும் குடித்தார். "இந்தக் கிளப்புல கறிக்கு முழு விலை குடுக்கற ஒரே ஆம்பள நான்தான்டா" என்பார்.

தொப்பியின் கதை ஜேரட்டுக்கு அவன் அம்மா சொன்னது. நாலாக மடித்தது, தோளில் ஒட்டியது எல்லாமே பாட்டில் இருந்தது. வெர்னா மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"அடுத்த தடவ கேட்டுட்டு எடு" என்றாள். அதோடு சரி.

இசைத்தட்டு முதலில் எலிசபெத்தில் ஓடியது, பிறகு அடிலெய்டில், பிறகு எங்கெங்கோ. பெர்த்தில் ஒருவன் தன் ஊர்ப் பேச்சில் ராப் பாட ஆரம்பித்தான். டாஸ்மேனியாவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் தங்கள் ஊர் இழுப்பிலேயே பாடினார்கள். எல்லாரும் எங்கேயாவது பேட்டியில் 'மூன்றாம் அழைப்பு' கேட்டுத்தான் துணிச்சல் வந்தது என்றார்கள். கெண்டைக்காலில் 'கறி வேணாமா' என்று பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் கிளப்புக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து நீலம், சி நாற்பத்தேழு கேட்டார்கள்.

"அது தொண்ணூத்தேழுலயே ஜெயிச்சாச்சு, கண்ணு" என்பாள் வெர்னா. "கறியத் தின்னவரு செத்தும் போயிட்டாரு. வேற நம்பர் வாங்கு."

ஒருநாள் நகரத்து ரயில் நிலையத்தில், வடக்குப் பாதை ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னாள். சுத்தமான எலிசபெத் மூக்கு. வார்த்தையின் வாலை இழுத்த இழுப்பில் அவள் எந்தத் தெரு என்றுகூடச் சொல்லிவிடலாம். வெர்னா இன்னொரு அறிவிப்பு கேட்பதற்காகவே அந்த ரயிலை விட்டுவிட்டாள்.

இசைத்தட்டுக்கு இருபத்தைந்து வயது ஆனபோது, வெட் சிமெண்ட் மூன்று நகரங்களில் அதை முதலிலிருந்து கடைசி வரை மேடையில் பாடப்போவதாக அறிவித்தார்கள். முதலில் அடிலெய்டு, ஆற்றங்கரைத் திறந்த மேடை, ஞாயிறு மதியம். ஜேரட்டுக்கு இப்போது தொப்பை, மூக்குக் கண்ணாடி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். நேரில் வந்து கேட்டான்.

"இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் எடுக்கறேன், மிசஸ் பி. மேடையில நீங்களே வந்து குலுக்கணும்."

"கறி இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வர்றேன்."

தன் கம்பி உருளையைக் காரின் பின்இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக்கொண்டு போனாள். கூடவே கறிக்கடை லெஃப்டெரி, தன் வேனில். லெஃப்டி என்று கூப்பிடுவார்கள். கிளப் தட்டுக்குக் கறி கொடுக்கிற கிரேக்கர், வெர்னா வயதுதான் இருக்கும். 'நானில்லாம என்ன குலுக்கல்' என்று யாரும் கூப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்தில் இமோஜன் என்ற சிட்னிப் பெண் அவர்களை வரவேற்றாள். நிகழ்ச்சி முழுவதும் அவள் பொறுப்பு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும், காதில் ஒயரும் கையில் இரண்டு போனுமாக இருந்தாள்.

"வெர்னா! நான் ஸ்கூல் படிக்கறப்போலேருந்து உங்க குரலக் கேக்கறேன், தெரியுமா?"

"அப்படியா. அந்தத் தட்டுல என்ன, கண்ணு?"

மேசைமேல் அழகான கறித் தட்டு ஒன்று பளபளத்தது. வெர்னா ஒரு விலாத் துண்டை எடுத்துக் கீழே போட்டாள். அது எம்பிக் குதித்து லெஃப்டியின் காலடியில் போய் நின்றது.

"ரப்பர்" என்றார் லெஃப்டி. தன் குடும்பத்தைப் பற்றி யாரோ கேவலமாகப் பேசியதுபோல முகம் போனது.

"வெயில் நாப்பதத் தொடுது" என்றாள் இமோஜன். "பச்சைக் கறிய மேடையில வெக்க விதி எடம் குடுக்காது. ஜெயிக்கறவங்களுக்கு அப்புறமா கடைக் கூப்பன் அனுப்பிடுவோம்."

"கறி இல்லாம கறிக் குலுக்கலா?"

"பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது, வெர்னா."

லெஃப்டி வேன் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு பெரிய பெட்டிகளில் ஐஸ் மலை, நடுவில் தட்டு. "நான் பொறந்ததுலேருந்து கறிக்கடையிலதான் இருக்கேன், தங்கச்சி. வயித்த வலின்னு ஒருத்தன் வந்ததில்ல. ரப்பரத் தின்னா என்ன ஆகும்ங்கறது மட்டும் எனக்குத் தெரியாது."

இமோஜன் யாருக்கோ போன் செய்தாள், வெப்பமானியோடு ஒருவர் வந்து ஐஸுக்குள் குத்திப் பார்த்தார், சரி என்றார். கறிக்கு அனுமதி கிடைத்தது. பிறகு ஒத்திகை.

"நீலம், சி வரிசை..."

"நல்லாருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் இழுங்களேன். ரெக்கார்டுல இன்னும் கொஞ்சம்... வடக்கா இருக்கு."

வெர்னா அவள் பக்கம் திரும்பினாள். "பத்தொம்பது வயசுல ரொம்ப வடக்குன்னு தொரத்தினாங்க. இப்ப பத்தலையா? இதுதான் என் குரல். வேணும்னா வெச்சுக்கோ, வேணாம்னா உருளைய எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"சரி சரி, இப்படியே இருக்கட்டும்." இமோஜன் பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "பச்சை, டி வரிசை, பன்னெண்டு. இதக் கையிலயே வெச்சுக்கோங்க. உருளைக்குள்ள கைய விட்டு எடுக்கற மாதிரி எடுத்துடுங்க. அந்தப் பொண்ணு ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கா. நமக்கு விளம்பரம் குடுக்கறவங்க நடத்தின போட்டியில ஜெயிச்சவ. கேமரா எல்லாம் அவ பக்கம்தான் வெச்சிருக்கோம்."

வெர்னா அந்தச் சீட்டைப் பார்த்தாள். இரண்டாக மடிக்கக்கூட இல்லை.

"வாசல்ல எல்லாருக்கும் சீட்டு குடுத்தீங்களே?"

"குடுத்தோம். அது ஒரு சந்தோஷத்துக்கு. கிழிச்ச மறுபாதி எல்லாம் குப்பைப் பையில இருக்கு."

ஜேரட் கூடாரத்தின் மறுகோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பாததிலேயே அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது தெரிந்தது. வெர்னா அவனிடம் போனாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"ஒப்பந்தத்துல இருக்கு, மிசஸ் பி. சும்மா ஒரு நாடகம் மாதிரி. யாருக்கும் நஷ்டம் இல்ல. அந்தப் பொண்ணுக்கும் சந்தோஷம்..."

"நாலாவது பாட்ட இன்னிக்குப் பாடறியா?"

"முழு இசைத்தட்டும் பாடறோம். பாடித்தானே ஆகணும்."

"அத நீ பாடறப்போ தொப்பி யார் கையில இருக்கும்?"

ஜேரட் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினான், திறந்தான், மறுபடி திருகினான். "நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான் கடைசியில். அவன் குரல் மேசைக்கடியில் டேப் வைத்த பையனுடையதைவிடச் சின்னதாக இருந்தது.

"நான் போடல" என்றாள் வெர்னா.

பச்சைச் சீட்டை இமோஜனிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அவள் எங்கேயோ ஓடியிருந்தாள். அதனால் அதை மேசையில் ரப்பர் கோழிக்கு அடியில் வைத்துவிட்டு லெஃப்டியைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கூடாரத்துக்குப் பின்னால் போய்க் குப்பைப் பைகளைத் தேடினார்கள். முதல் பையில் காப்பிக் கோப்பைகள். இரண்டாவதில் வாழைப்பழத் தோல். மூன்றாவதும் நாலாவதும் முழுக்க மறுபாதிச் சீட்டுகள், பல வண்ணத்தில். உருளைக்குள் கொட்டினார்கள்; ரப்பர் கோழிக்கு அடியில் இருந்த பச்சைச் சீட்டையும் எடுத்து வந்து அவற்றோடு ஒன்றாகப் போட்டாள் வெர்னா.

"வெர்னா, இதுக்கு நம்மள உள்ள போட்டுடுவாங்களா?"

"எதுக்கு லெஃப்டி, குப்பை பொறுக்கினதுக்கா?"

"இல்ல, கறி ஐஸ்ல இருக்கு. நான் உள்ள போயிட்டா ஐஸ் யார் மாத்தறது?"

மூன்று மணிக்குக் கோப்பைகள் முட்டுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்ததும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. முன்னால் நாற்காலிகள், பின்னால் புல்மேடு, அதன் உச்சி வரை ஆட்கள். வெர்னா உருளையை உருட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். அவள் யார் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தொளதொளச் சட்டையும் செருப்புமாக ஒரு வயசான பொம்பளை. மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலிலேயே தெரிந்துகொண்டு கத்தினார்கள்.

"உக்காருங்கடா. வேல இருக்கு" என்றாள். இரண்டாயிரம் பேரும் உட்கார்ந்தார்கள்.

காதில் மாட்டிவிட்டிருந்த கருவியில் இமோஜன் மெதுவாக "டி பன்னெண்டு, டி பன்னெண்டு" என்றாள். வெர்னா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாசல்ல உங்களுக்குச் சீட்டு குடுத்தாங்க. அதோட மறுபாதி எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நானே போட்டேன். காப்பிக் கறை இருக்கும், கண்டுக்காதீங்க. யாருக்கு விழப்போகுதுன்னு இந்த மேடையில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, அவங்க சொன்னது தப்பு."

மேடை ஓரத்தில் இமோஜன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். வெர்னா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு உருளையைச் சுற்றினாள். மைக் பக்கத்தில் இருந்ததால் சீட்டுகள் கம்பியில் உரசுகிற சத்தம் மழை மாதிரி கேட்டது. கையை விட்டு ஒன்றை எடுத்தாள்.

"மஞ்சள், எஃப் வரிசை, நூத்தி முப்பத்தொண்ணு. முதல் அழைப்பு."

தலைகள் குனிந்தன. பைகள் துழாவப்பட்டன. யாரும் எழவில்லை.

"மஞ்சள், எஃப், நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டாவது..."

அடுத்த வரியை அவளைச் சொல்ல விடவில்லை. மொத்தக் கூட்டமும் அவள் குரலிலேயே, அவள் மூக்காலேயே அதைக் கத்தியது. நகரத்துக்காரர்கள், தெற்கத்திக்காரர்கள், கடல் தாண்டி வந்தவர்கள், எல்லாருமே அந்த நிமிடத்துக்கு வடக்கத்திக்காரர்களாக இருந்தார்கள்.

புல்மேட்டின் உச்சியில் ஒரு கை எழுந்தது.

"மேல ஒரு கை தெரியுது. வா கண்ணு, சீட்டோட வா."

அது நீண்ட இறக்கம். விரிப்புகள், பெட்டிகள், படுத்துக்கிடக்கிறவர்கள் எல்லாரையும் தாண்டி அந்தக் கை இறங்கி வர வேண்டும். இமோஜன் விரலைக் காற்றில் சுழற்றி மேடையில் இசைத்தட்டு ஓட்டுகிற டிஜேவுக்குச் சைகை காட்டினாள்: பாட்டைப் போடு, நகரு, நகரு. கேமராக்காரர் யாரைப் படமெடுப்பது என்று தெரியாமல் உருளையைப் படமெடுத்தார். டிஜேயின் கை தட்டின்மேல் இறங்கியது.

"நடந்து வர்றாங்க" என்றாள் வெர்னா, மைக்கில், அவனைப் பார்த்து. "நிறுத்து."

டிஜே இமோஜனைப் பார்த்தான். பிறகு ஜேரட்டைப் பார்த்தான். ஜேரட் மேடையின் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றான். நிறைய நேரம் துடைத்தான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், டிஜேயின் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டான்.

"காத்திருப்போம்" என்றான்.

இரண்டாயிரம் பேர், சுடுகிற வெயிலில், பாட்டில்லாமல் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்தவள் ரோஜா நிற முடியும் ஒரு காலில் கட்டுமாக இருந்தாள். அதனால்தான் அவ்வளவு நேரம். வெர்னா சீட்டை வாங்கிப் பொருத்திப் பார்த்தாள். லெஃப்டி ஐஸ் குளிர் ஆவியாகப் பறக்கும் தட்டோடு மேடையேறினார், திருமணத்துக்குப் பெண்ணை அழைத்து வருகிறவர்போல.

அந்தப் பெண் தட்டைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "ஐயோ, நான் கறி சாப்பிட மாட்டேன்."

"உன்னைத் திங்கச் சொன்னேனா? ஜெயிச்சிருக்க. தூக்கிட்டுப் போ."

அன்றைக்கு நாலாவது பாட்டை ஜேரட் பாடியபோது அவன் கண் கூட்டத்தின்மேல் இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் மேடை ஓரத்தில் நின்ற இமோஜனைப் பார்த்தே பாடினான்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூடாரத்தில் இமோஜன் நேராக விஷயத்துக்கு வந்தாள். கோபத்தில் இருந்தாள், ஆனால் மரியாதை குறையவில்லை. "மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் நீங்க வர வேண்டாம், வெர்னா. அங்க டேப்புல இருக்கற உங்க குரலப் போட்டு நாங்களே நடத்திக்கறோம்."

"வராம இருக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா டேப்புல இருக்கறது நெசக் குலுக்கல். பொய்க் குலுக்கலுக்கு அதப் போடாத."

"அது எங்க உரிமை."

"அந்த டேப் என்னோடது" என்றான் ஜேரட், பின்னாலிருந்து. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மேசைக்கடியில வெச்சது நான். ஒப்பந்தத்துல பாட்டு இருக்கு, அந்த டேப் இல்ல. சீட்டு எல்லாம் உள்ள இருந்தா டேப் ஓடும். இல்லன்னா ஓடாது. வழக்குப் போடணும்னா போடு."

இமோஜன் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் யாரிடம் என்ன பேசினாள், முடிவு என்ன ஆயிற்று என்றெல்லாம் வெர்னா காத்திருந்து கேட்கவில்லை. உருளையிலிருந்து சீட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கூடார வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். புதுச் சட்டை, கையில் ஒரு பச்சைச் சீட்டு. வெர்னா உருளையைக் கீழே வைத்தாள்.

"நீதானா டி பன்னெண்டு?"

"ஆமா. போர்ட் பிரீலேருந்து பஸ்ல வந்தேன். நான்தான் ஜெயிக்கப்போறேன்னு போன்ல சொன்னாங்க. ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்." சீட்டை நீட்டினாள். "நீங்க எடுக்க வேண்டியது என் நம்பர்தானே, என்னை ஏன் கூப்பிடலன்னு கேக்கலாம்னு..."

"உனக்குச் சொன்னது பொய், கண்ணு. சொன்னவங்க உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்க மாட்டாங்க. நானும் கேக்கப் போறதில்ல, ஏன்னா நான் தப்பா ஒண்ணும் பண்ணல. ஆனா உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுது."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "ஆச்சரியப்படற மாதிரி முகத்த வெச்சுக்கணும்னு வேற சொன்னாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்."

"எப்படி? காட்டு."

"வேணாம்."

"காட்டுன்னேன்ல."

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள். வாயைப் பிளந்தாள், கண்ணை உருட்டினாள், இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். லெஃப்டி ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பல்வலியா?" என்றார்.

முதலில் அந்தப் பெண்தான் சிரித்தாள்.

"இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒரு ஆள ஏமாத்த முடியாது" என்றாள் வெர்னா. "வா, அந்தப் பக்கம் பிடி. இது கனம்."

இரண்டு பேரும் உருளையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கலைந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, கார் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள்.